வாப்பாவின் கடன் கொப்பி

கடைக் கணினி பழுதாக, வாப்பா விண்டோஸ் 11 உள்ள புதியதொன்றை வாங்கினார். பழைய கோப்புகளெல்லாம் பத்திரமாக மாற்றப்பட்டன. ஆனால் இருபது வருடக் கடன் கணக்கைக் காட்டும் டொஸ் மென்பொருள் மட்டும் திறக்கவில்லை.

அது 16-பிட் மென்பொருள். 32-பிட் விண்டோஸில், விண்டோஸ் 10 வரையிலும், அத்தகையவற்றை இயக்க ஓர் இடைப்பகுதி இருந்தது. 64-பிட் பணிசெயல் முறைமை இயங்கும்போது புரொசஸரே அந்த இடைப்பகுதிக்குத் தேவையான பழைய முறைக்கு இடமளிக்காது. விண்டோஸ் 11 வருவதோ 64-பிட்டாக மட்டும்தான்.

டொஸ்பொக்ஸ் என்னும் இலவச மென்பொருள் பழைய கணினியொன்றைப் போல நடிக்கும். அதனுள்ளே கணக்குத் திறந்தது. (வாப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!) ஆனாலும் இனி இதை நம்பியிருக்க முடியாது. பெயர்களையும் தொகைகளையும் நானே எக்செல்லில் பதிகிறேன். மௌத்தானவர்களின் பெயர்கள் வந்தால், “அத விடுங்க மகள்” என்கிறார் வாப்பா.