கணனி பழுதானால் முதலில் காப்பாற்ற வேண்டியது கணக்கை!

புறக்கோட்டை மொத்த வியாபாரி முதல் ஊரில் சிறியதொரு பலசரக்குக் கடை நடத்துபவர் வரை இன்று பில் அடிப்பதும், ஸ்டொக் பார்ப்பதும், கடன் பற்று எழுதுவதும் கணனியில்தான். பகலில் கடை மேசையில் இருக்கும் மடிக்கணனியே இரவில் வீட்டில் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவுகிறது. முன்பு கடன் கொப்பி மழையில் நனைந்தால் வெயிலில் காயவைத்து வாசிக்க முடிந்தது. கணனி நின்றுவிட்டால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

அப்போது பலரும் செய்வது ஒன்றுதான். கணனியைத் தூக்கிக்கொண்டு திருத்தும் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கிருக்கும் இளைஞர் "வின்டோஸ் திரும்ப அடிக்க வேண்டும்" என்கிறார். முதலாளியும் தலையாட்டுகிறார். மாலையில் கணனி புதிது போல் வேலை செய்கிறது. ஆனால் மூன்று வருடக் கணக்கு அதில் இல்லை! வெளியில் பத்து இலட்சம் ரூபா கடன் நிற்கும் கடைக்கு, கணனியின் விலையை விட அந்தக் கணக்கின் விலை பல மடங்கு அதிகம். திருத்த வேலையை இந்தக் கோணத்திலிருந்தே நாம் பார்க்க வேண்டும்.

நாமே பார்க்கக் கூடியவை

கணனியில் உயிரே இல்லையென்றால் முதலில் சுவர் பிளக்கில் ஒரு போன் சார்ஜரைச் செருகி மின்சாரம் வருகிறதா எனப் பாருங்கள். அடுத்து யூ.பி.எஸ்.ஸைத் தவிர்த்து நேராகச் சுவரில் கொடுத்துப் பாருங்கள். யூ.பி.எஸ்.ஸின் பெட்டரி செத்திருப்பதே பல இடங்களில் காரணமாக இருக்கிறது. மடிக்கணனியானால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் சார்ஜரைச் செருகிப் போடுங்கள். வேறு சார்ஜரில் சோதிப்பதானால் அதில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு பழையதைப் போலவே இருக்க வேண்டும். அம்பியர் குறையக் கூடாது. மேசைக் கணனியின் பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை, 'பீப்' சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் ரெம் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று இதற்குத் துணை போகிறது. பிளக்கைக் கழற்றி, ரெம்மை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் இறப்பரால் மெதுவாகத் துடைத்து, 'கிளிக்' என்று பூட்டும் வரை அழுத்தி வையுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கணனியை மட்டும் திறக்க வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் திகதி பின்னோக்கிப் போகிறதா? மதர்போட்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் நாணயப் பெட்டரி முடிந்திருக்கும். கைக்கடிகாரம் திருத்தும் கடைகளிலும் கிடைக்கும் சிறிய சாமான்தான். ஆனால் அதை மாற்றாவிட்டால் பில்லில் பிழையான திகதி விழும். வங்கி இணையத்தளங்களும் திறக்க மறுக்கும்.

கணனி சூடாகித் தானாக நின்றால் தூசியே பெரும்பாலும் காரணம். புடைவைக் கடையின் பஞ்சும், அரிசி, மாக் கடையின் தூளும் விசிறியை அடைத்துவிடும். கணனியை நிறுத்தி, விசிறியைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் சுத்தம் செய்யலாம். மடிக்கணனியைக் கட்டிலில், தலையணை மீது வைத்துப் பாவிப்பதையும் நிறுத்த வேண்டும்.

கணனி ஆமை வேகத்தில் ஓடினால் உடனே புதிது வாங்கத் தேவையில்லை. பழைய ஹாட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டாலே வித்தியாசத்தை உணர்வீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வின்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. பாவித்த கணனி வாங்குவோர் அது வின்டோஸ் 11ஐ ஏற்குமா எனக் கேட்டு வாங்குங்கள். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் குறையக் கூடாது.

கை வைக்கக் கூடாதவை

ஹாட் டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதால் கணக்கை மீட்கும் வாய்ப்பே குறைகிறது. மடிக்கணனியின் பெட்டரி வீங்கி கீபோட் மேலெழும்பினால் சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடிக்கக் கூடியது. பிளேன்டி ஊற்றுப்பட்டால் சார்ஜரைக் கழற்றி, பவரை நிறுத்தி, கவிழ்த்து வைத்து, அப்படியே திருத்துபவரிடம் கொடுங்கள். "காய்ந்துவிட்டதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்ப்பதுதான் மதர்போட்டைக் கெடுக்கிறது.

திருத்தக் கொடுக்கும் போது

முதலாவது, "உள்ளே கணக்கு இருக்கிறது, கேட்காமல் போர்மட் பண்ணக் கூடாது" என்று வாயால் சொல்வதுடன் பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள். போர்மட் பண்ணிய ஹாட் டிஸ்கிலிருந்து சில வேளை தகவல்களை மீட்கலாம், எஸ்.எஸ்.டி.யில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டாவது, ரெம், டிஸ்க் ஆகியவற்றின் அளவையும் கணனியின் தொடர் இலக்கத்தையும் குறித்து வையுங்கள். மூன்றாவது, செலவை முன்கூட்டியே கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்ப வாங்குங்கள். நான்காவது, புதிய மடிக்கணனிகள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். மதர்போட் மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதை இன்றே எடுத்து எழுதி வையுங்கள்.

நேர்மையாகத் திருத்துபவர் இவற்றைத் தவறாக எடுக்கமாட்டார். சாமான் ஏற்றும் லொறிக்காரரிடம் நாம் கணக்குப் பார்த்துக் கொடுப்பது போலத்தான் இதுவும்.

கடை பூட்டும் முன் ஐந்து நிமிடம்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாட்டிலும் ஒரேயடியாக மின்சாரம் நின்றது. கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் போது மின்சாரம் போனால் அந்தக் கோப்பே கெட்டுவிடலாம். யூ.பி.எஸ். இருப்பது வேலையைத் தொடர்வதற்கல்ல. சேமித்து, ஒழுங்காக நிறுத்துவதற்கு.

ஒவ்வொரு நாளும் கடை பூட்டும் முன் கணக்கைத் தனியான டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். எடுத்ததும் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். செருகியபடியே விட்டால் வைரஸ் வரும் போது இரண்டும் சேர்ந்தே போகும். திருடன் வந்தாலும் அப்படித்தான். வாரம் ஒரு முறை வேறொரு டிஸ்கிலும் பிரதி எடுப்பது நல்லது.

மாதத்தில் ஒரு நாள் அந்தப் பிரதியை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். கடன் பட்டியல் கடைசி நாள் வரை சரியாகத் தெரிந்தால், கடைக் கணனி நாளைக்கே பழுதானாலும் வியாபாரம் நிற்காது.