சுற்றுப்புற மனப்பதிவும் உடல்நலமும்

ஒரு பகுதியில் வாழ்வோர் தம் சுற்றுப்புறத்தைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணமே சுற்றுப்புற மனப்பதிவு ஆகும். தெரு பாதுகாப்பானதா, அக்கம்பக்கத்தார் நம்பத்தக்கவர்களா, குப்பையும் இரைச்சலும் எவ்வளவு தொல்லை தருகின்றன, நடந்து செல்லும் தொலைவில் கடையும் பூங்காவும் உள்ளனவா என்பன இதில் அடங்கும். இவ்வெண்ணத்துக்கும் உடல்நலம், மனநலம் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு பொதுச் சுகாதாரத்திலும் சமூகவியலிலும் ஆராயப்படுகிறது.

உண்மை நிலையும் மனப்பதிவும்

குற்றப் பதிவுகள், நேரடிக் கள நோக்கு போன்றவை உண்மை நிலையை அளக்கின்றன. மனப்பதிவு வினாநிரல் மூலம் அறியப்படுகிறது. இவ்விரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ் ஆகியோர் சிகாகோவில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினத்தவரும் ஏழைகளும் மிகுதியாக வாழும் பகுதிகளை, கண்ணால் காணும் சீர்கேட்டைவிடக் கூடுதலாகச் சீர்கெட்டவையாக மக்கள் கருதியது தெரியவந்தது.

தொடர்பு ஏற்படும் வழிகள்

* நடத்தை: வெளியே செல்ல அஞ்சுவோர் நடைப்பயிற்சியைக் குறைத்துக்கொள்கின்றனர், பிள்ளைகளையும் வெளியே விளையாட விடுவதில்லை.
* மன அழுத்தம்: நீடித்த அச்சம் கார்ட்டிசால் போன்ற இயக்குநீர்களின் சுரப்பைப் பாதிக்கிறது; உறக்கமும் கெடுகிறது.
* சமூக ஆதரவு: அண்டை வீட்டாரை நம்பாதவர், நோயுற்ற வேளையில் உதவி கேட்கத் தயங்குகிறார்.

சிகாகோ வெப்ப அலை

1995 சூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் தனித்து வாழ்ந்த முதியோர். சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க், அடுத்தடுத்து அமைந்த வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் ஆகிய இரு பகுதிகளை ஒப்பிட்டார். தனித்து வாழும் ஏழை முதியோர் இரண்டிலும் இருந்தனர். ஆயினும் வடக்கில் இறப்பு வீதம் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமாக இருந்தது. காலி மனைகளும் வன்முறையும் மிகுந்த வடக்கில் முதியோர் வெளியே வர அஞ்சினர் என்றும், கடைத்தெரு கலகலப்பாக இருந்த தெற்கில் அவர்கள் நடந்து சென்று குளிரூட்டப்பட்ட கடைகளில் இளைப்பாற முடிந்தது என்றும் அவர் விளக்கினார். இறந்த ஒவ்வொருவரின் நிலையையும் விசாரிக்காமல், பகுதி அளவிலான தரவைக் கொண்டு காரணம் கூறலாகாது என மிட்செல் டுனேயர் பின்னர் விமர்சித்தார்.

காரணமும் விளைவும்

மனச்சோர்வு உள்ளவருக்குத் தம் தெருவும் மோசமாகத் தோன்றலாம். எனவே எது காரணம், எது விளைவு எனப் பிரித்தறிவது கடினம். இதற்கு விடை காண உதவிய ஆய்வுகளுள் ஒன்று, 1994இல் அமெரிக்காவின் 5 நகரங்களில் தொடங்கப்பட்ட 'வாய்ப்பை நோக்கி இடம்பெயர்தல்' திட்டம். வறுமை மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவி வழங்கப்பட்டது. 10 முதல் 15 ஆண்டுகளுக்குப் பின், அவ்வுதவி பெற்ற பிரிவுப் பெண்களிடையே கடும் உடற்பருமனும் நீரிழிவும் குறைவாகக் காணப்பட்டன. தம் பகுதி பாதுகாப்பானது என்ற உணர்வும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

பயன்பாடு

தெருவிளக்கு, நடைபாதை, பூங்கா ஆகியவற்றை அமைப்பதோடு நின்றுவிடாமல், மக்கள் அவற்றை அச்சமின்றிப் பயன்படுத்துகின்றனரா என்பதையும் கேட்டறிய வேண்டும் என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன. பூங்கா அருகில் இருந்தாலும், அங்குச் செல்ல அஞ்சும் முதியவருக்கு அதனால் பயனில்லை.