போட்டிக்குரிய கைத்துப்பாக்கியும் ஊவாவின் ஈரமும்

போட்டிக்குரிய கைத்துப்பாக்கி ஒரே செயலை இம்மியும் மாறாமல் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய கருவி. சர்வதேச சுடுதல் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி நடைபெறும் 10 மீற்றர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் போட்டியில், தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களுக்குள் 60 சூடுகள். ஒற்றைக் கையை நீட்டி, எதிலும் சாயாமல் நின்றுதான் சுடவேண்டும். பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். முதற் சூட்டில் விசை எந்த எடையில் விடுபட்டதோ, கைப்பிடி உள்ளங்கையில் எப்படி அமர்ந்ததோ, குறி எங்கே நின்றதோ, அறுபதாவது சூட்டிலும் அவை அப்படியே இருக்கவேண்டும். கருவியைத் தேர்வது, பொருத்துவது, துடைப்பது, பூட்டிவைப்பது எல்லாமே இந்த மாறாமைக்காகத்தான். இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்தின் மலைகளில் இதைக் காப்பாற்றுவது சமவெளியைவிடக் கடினம். காரணம் அங்குள்ள காற்று.

ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் இரண்டு விதமான கைத்துப்பாக்கிகளே பெரும்பாலும் புழங்குகின்றன. ஒன்று 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னத்தை அழுத்தக் காற்றால் தள்ளுவது. மற்றது 5.6 மில்லிமீற்றர் குழல் கொண்டது, வெடிமருந்து அடைத்த சிறு ரவையைச் சுடுவது. 25 மீற்றர் போட்டிகளுக்கு உரியது. துரிதச் சூட்டுப் போட்டியில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து ரவைகளை 8, 6, 4 வினாடி என்று சுருங்கிக்கொண்டே போகும் நேரத்துக்குள் சுட்டு முடிக்கவேண்டும். இவை தவிர, இடுப்புறையிலிருந்து எடுத்து, நகர்ந்து நகர்ந்து சுடும் நடைமுறைச் சூட்டுப் போட்டி 1976இல் அமெரிக்காவில் அமைப்பாக உருப்பெற்றது. அதன் கருவிகளும் ஒழுங்குகளும் தனி உலகம். இக்கட்டுரை முதலிரண்டோடு நிற்கிறது.

ஊவாவில் குறிபார்த்துச் சுடுதலின் வரலாறு தியத்தலாவையைச் சுற்றியே அமைந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,250 மீற்றர் உயரத்தில், பத்தனைப் புல்வெளிகளுக்கு நடுவே இருக்கும் இந்த ஊரில் 1900இல் போயர் போர்க் கைதிகளுக்கான முகாம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் உருவான இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியரை மட்டுமே சேர்த்துக்கொண்ட தொண்டர் படை. துரைமார் ஆண்டுப் பயிற்சி முகாமுக்குத் தியத்தலாவைக்கு வந்தார்கள். அப்படை 1949இல் கலைக்கப்பட்டது. மறு ஆண்டு அதே ஊரில் சுதந்திர இலங்கையின் இராணுவத்துக்கான பயிற்சி நிலையம் தொடங்கியது. இன்றைய இராணுவக் கல்லூரி அதன் வழிவந்தது. இன்றும் நாட்டின் போட்டிச் சுடுநர்களில் பெரும்பகுதியினர் முப்படைகளிலிருந்தும் பொலிஸிலிருந்தும் வருகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் காற்றழுத்த ரைபிளில் பங்கெடுத்த தெஹானி எகொடவெலவும் இராணுவ வீராங்கனைதான். தோட்டங்களிலோ, துப்பாக்கி துரையின் பங்களாவில் இருந்தது; தொழிலாளர் லயத்தில் இருந்தவருக்கு அது கண்ணால் பார்க்கும் பொருளாகவே நூறாண்டு இருந்தது. தோட்டப்புற இளைஞர் ஒருவர் இந்த விளையாட்டுக்குள் வர இன்றுள்ள மிக எளிய வாசல் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிதான். அதற்கு மலைச்சரிவில் வெட்டிய நீண்ட சுடுதளம் தேவையில்லை. அனுமதியும் மேற்பார்வையும் பின்தடுப்பும் இருந்தால், பத்து மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள மூடிய மண்டபமே போதும்.

கருவியின் உறுப்புகளில் முதலில் கவனிக்கவேண்டியது குறி. இவ்வகைப் போட்டிகளில் வில்லையோ ஒளிப்புள்ளியோ கிடையாது. பின்னே ஒரு வெட்டு, முன்னே ஒரு தகடு, அவ்வளவே. வெட்டின் நடுவில், இருபுறமும் சம ஒளி தெரிய, தகட்டின் தலை வெட்டின் மேல்விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். இரண்டுக்கும் இடைத்தூரம் 350 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், தகடு ஒரு மில்லிமீற்றர் ஒதுங்கும்போது 10 மீற்றரில் சன்னம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் விலகும். அது ஏழு புள்ளிக்குத் தள்ளிவிடும். மாறாக, குறி நேராக இருந்து கை முழுவதும் ஐந்து மில்லிமீற்றர் அசைந்தால் சன்னமும் ஐந்து மில்லிமீற்றர்தான் விலகும். பத்துப் புள்ளி போகாது. கை நடுங்குவதைப் பற்றிப் புதியவர்கள் படும் கவலையில் பெரும்பகுதி வீண் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. கண் இலக்கில் அல்ல, முன்குறியில் நிலைக்கவேண்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு முன்குறியின் தூரத்துக்கு ஏற்ற சிறு கூட்டல் வில்லையைக் கண்ணாடியில் பொருத்துவது, விலை உயர்ந்த துப்பாக்கிக்கு மாறுவதைவிட அதிகப் புள்ளி தரும்.

குறியின் மீது விழும் பளபளப்பு விளிம்பை மங்கச் செய்யும். எனவே கறுப்புப் பூச்சு தேய்ந்த இடங்களைப் புகையாலோ அதற்கென உள்ள மட்டக் கறுப்பாலோ மூடுவார்கள். குறியை நகர்த்தும் திருகாணிகளை எந்தப் பக்கம் எத்தனை சொடுக்குத் திருப்பினோம் என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். தியத்தலாவையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடப் பத்தில் ஒரு பங்களவு குறைவு. ஆனால் பத்து மீற்றர் ஓட்டத்தில் இதனால் சன்னம் விழும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவு மாறுவதில்லை. மலையில் குறி மாறியதாகத் தோன்றினால் பெரும்பாலும் மாறியிருப்பது வெளிச்சம்.

அடுத்தது விசை. காற்றழுத்தக் கைத்துப்பாக்கிக்கு விசை எடை குறைந்தது 500 கிராம், 25 மீற்றர் கைத்துப்பாக்கிக்கு 1,000 கிராம். துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு அளப்பார்கள். விளிம்பில் நிற்கும் அளவுக்குக் குறைத்து வைப்பது ஆபத்தான கஞ்சத்தனம். தூசியோ பிசுபிசுத்த எண்ணெயோ தேய்மானமோ அதைச் சில கிராம் மாற்றிவிடும், பரிசோதனையில் கருவி தோற்றுப்போகும். பத்து இருபது கிராம் கூட்டியே வைக்கவேண்டும். விசைத் தொகுதிக்குள் எண்ணெய் ஊற்றுவது புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. உற்பத்தியாளர் காட்டிய புள்ளிகளில் ஊசி முனையால் தொட்டு வைக்கும் அளவே போதும். தொகுதியைத் திறப்பது பயிற்சி பெற்ற கைவினைஞரின் வேலை.

கைப்பிடி பெரும்பாலும் வால்நட் மரத்தில் செய்யப்படுகிறது. விரல்களுக்கான பள்ளங்களும், கீழே உள்ளங்கை விளிம்பைத் தாங்கும் நகர்த்தக்கூடிய தட்டும் அதில் உண்டு. அது மணிக்கட்டைத் தாங்கவோ கையை முழுக்கச் சூழவோ விதி இடந்தராது. பிடி சரியானதா என்று அறிய, கண்ணை மூடிக் கையை நீட்டித் திறந்து பார்ப்பார்கள். குறி தானாக நேர்கோட்டில் நின்றால் சரி. நில்லாவிட்டால் அரத்தால் இழைத்தோ மரப்பசை அப்பியோ சரிசெய்யவேண்டும். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். எனவே மழைக்காலத்தில் இழைத்து முடித்த பிடி ஓகஸ்டில் தளர்வாகத் தோன்றுவது ஊவாவில் எதிர்பார்க்கவேண்டியதே. இழைக்கும் வேலையைப் பருவமாற்றத்தின்போது தள்ளிவைப்பதும், இழைத்த இடத்தில் மெல்லிய மரஎண்ணெய் பூசுவதும் உதவும்.

காற்றழுத்தக் கைத்துப்பாக்கியின் உயிர் அதன் உருளை. ஸ்டேயர், மொரினி, வோல்தர், ஃபைன்வெர்க்பாவ் ஆகிய நிறுவனங்களின் கருவிகளில் அது பொதுவாக 200 பார் அழுத்தம் வரை நிரப்பப்படும். அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தின் சுமார் 200 மடங்கு. காற்றை இவ்வளவு நெருக்கும்போது அதிலுள்ள நீராவியும் நெருக்கப்பட்டு நீராகிறது. மூடுபனி சூழ்ந்த அப்புத்தளைக் காலையில் கைப்பம்பால் நிரப்பினால் உருளைக்குள் நீர் சேரும். அது அடைப்பிதழையும் அழுத்தச் சீராக்கியையும் அரிக்கும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பையோ, சுழியோடிகளுக்குரிய உலர்காற்றுக் கொள்கலனையோ பயன்படுத்துவதே பாதுகாப்பு. நிரப்பும் வாயிலில் சாதாரண எண்ணெய் ஒருபோதும் படக்கூடாது. வேகமாக நெருக்கப்படும் காற்று சூடாகி, அந்த எண்ணெயைப் பற்றவைக்கலாம். ரப்பர் வளையங்களுக்கு உற்பத்தியாளர் சொல்லும் சிலிக்கன் கிரீஸ் மட்டுமே. உருளைகளுக்குப் பொதுவாகப் பத்தாண்டு ஆயுள் தரப்படுகிறது. அதன் மேல் பொறித்த தேதி கடந்த உருளை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், போட்டிக்கும் பயிற்சிக்கும் ஆகாது. குழலைத் துடைக்கச் சிறு கம்பளிச் சன்னங்கள் போதுமானவை.

5.6 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி அழுக்கில் வேறு இனம். அதன் ரவையின் முனை ஈயம், மேலே மெழுகு பூசியது. வெடிக்கும்போது எச்சம் குழலைவிட ரவை அமரும் அறையிலும், அதன் வாயிலிலும், வெற்றுக்கோதைப் பிடித்திழுக்கும் கொக்கியின் அடியிலும்தான் அதிகம் படிகிறது. துரிதப் போட்டியில் கருவி இடையில் சிக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் இந்தப் படிவே காரணம். துடைக்கும் முன் ரவைக்கூட்டைக் கழற்றி, பூட்டைப் பின்னிழுத்து, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்கவேண்டும். ரவைகள் அந்த மேசையிலேயே இருக்கக்கூடாது. பிறகு நைலோன் தூரிகையாலும் கரைப்பானாலும் அறையையும் பூட்டின் முகத்தையும் சுத்தம் செய்து, இயன்றவரை பின்புறத்திலிருந்து துணியைக் குழலுக்குள் செலுத்தவேண்டும். முன்வாயின் விளிம்பில் கம்பி உரசினால் ரவை வெளியேறும் நேர்மை கெடும், அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. குழலை ஒவ்வொரு நாளும் தேய்ப்பது தேவையற்றது. நன்கு துடைத்த குழலில் முதல் சில ரவைகள் சிதறி விழுவது வழக்கம் என்பதால், போட்டிக்கு முந்திய இரவில் குழலை விட்டுவிட்டு அறையை மட்டும் துடைப்பதே சிறந்தது. ரவைக்கூடுகளுக்கு இலக்கமிட்டு வைத்தால், எந்தக் கூட்டில் சிக்கல் வருகிறது என்று தெரிந்து அதை ஒதுக்கலாம். காலியான அறையோடு விசையை அழுத்திப் பழகுவது நல்ல பயிற்சிதான். ஆனால் விளிம்பில் அடிபடும் இந்த ரவை இனத்தில் அடியூசி அறையின் விளிம்பையே குத்தக்கூடும். எனவே போலி ரவையையோ, கருவியில் இருந்தால் அதற்கான தனி அமைப்பையோ பயன்படுத்தவேண்டும்.

இனி ஊவாவின் பருவங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை பதுளைப் பக்கம் வறண்டு வீசுகிறது. தேயிலைக் கொழுந்துக்கு அதன் பெயர்பெற்ற நறுமணத்தைத் தரும் அதே காற்று, சாலைச் செம்புழுதியைக் கருவிக்குள் கொண்டுவருகிறது. எண்ணெயில் படிந்த புழுதி சாணைப்பசையாகி அசையும் பாகங்களைத் தேய்க்கும். ஆகவே இக்காலத்தில் எண்ணெயைக் குறைத்துத் துணியைக் கூட்டவேண்டும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நிலைமை தலைகீழ்: மழையும் மூடுபனியும் விடாமல் நிற்கும், வியர்வைக் கைரேகை பட்ட இடத்தில் ஓரிரு நாளிலேயே கறள் அரும்பும். அப்போது எஃகுப் பரப்பு முழுவதிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். வாரத்துக்கு இருமுறையாவது எடுத்துப் பார்க்கவேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே பராமரிப்பு முறை என்று வெளிநாட்டுக் கைநூல்கள் சொல்வதை அப்படியே பின்பற்றினால் இரண்டில் ஒரு பருவம் கருவியைக் கெடுத்துவிடும்.

பஞ்சு பதித்த பெட்டி பயணத்துக்கு நல்லது, நீண்ட நாள் வைப்புக்குக் கெட்டது. பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைக்கும். தோலுறையும் அப்படியே, பதனிடப் பயன்பட்ட உப்புகள் எஃகை அரிக்கும். சிலிக்கா ஜெல் பைகளோடு உலோகப் பெட்டகத்தில் வைப்பதே ஏற்றது. அந்தப் பைகள் ஈரம் நிறைந்ததும் சூடாக்கி உலர்த்தினால்தான் மறுபடி பயன்படும். மலையிலிருந்து கொழும்புக்குப் போட்டிக்குச் செல்வோருக்கு இன்னொரு கவனம்: குளிர்ந்த உலோகம் வெப்பமான ஈரக்காற்றைத் தொட்டதும் வியர்க்கும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறக்கியதும் பெட்டியைத் திறக்காமல், அது அறையின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும். திறந்ததும் முதல் வேலை உலர்துணியால் துடைப்பது.

சுடுநரின் சொந்த உபகரணங்கள் அதிகமில்லை. கணுக்காலை மறைக்காத தட்டையான பாதணி, குறிபாராத கண்ணை மறைக்க 30 மில்லிமீற்றருக்கு மேற்படாத மறைப்பு, வெடிமருந்து ரவைக்குக் காதுக் காப்பு, எதற்கும் கண் காப்பு. ஈயம் கையில் ஒட்டும். சுட்டு முடித்ததும் சாப்பிடும் முன்னும் குழந்தைகளைத் தூக்கும் முன்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவது கட்டாயம். சுடாத நேரங்களில் அறைக்குள் செருகிய பாதுகாப்புக் கொடி வெளியே தெரியவேண்டும், குழல்வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்கவேண்டும்.

இலங்கையில் துப்பாக்கிகள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். கருவியும் ரவைகளும் தனித்தனிப் பூட்டில் இருப்பது, பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் தோட்டப்புறத்தில் எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். கழகத்தின் பெட்டகத்திலேயே கருவியை விட்டுவருவது அங்கே மிகச் சரியான ஏற்பாடு.

போட்டிக் காலையில் கருவி முதலில் உபகரணப் பரிசோதனை மேசைக்குப் போகும். காற்றழுத்தக் கைத்துப்பாக்கி 420 × 200 × 50 மில்லிமீற்றர் உள்ளளவுள்ள பெட்டிக்குள் அடங்கவேண்டும், எடை 1,500 கிராமுக்கு மேற்படக்கூடாது. 25 மீற்றர் கைத்துப்பாக்கிக்குப் பெட்டி 300 × 150 × 50, எடை 1,400 கிராம். உருளையின் தேதியைப் பார்ப்பார்கள், விசையில் எடைக்கல்லைத் தொங்கவிடுவார்கள். சுட்டு முடித்த பிறகும் சிலரது விசையை மறுபடி நிறுத்துப் பார்ப்பதுண்டு. எடைக்கல்லை மூன்று முயற்சிக்குள் தூக்காத கருவியால் எடுத்த புள்ளி செல்லாது.