பொய் ஆவணத்தில் வங்கிக் கணக்கு: கண்டும் காணாமல் போகலாமா?



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் டில்லிக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. "வந்த ஊரில் நமக்கு ஏன் வம்பு? கண்டும் காணாமல் போய்விடுவோம்" என்பதே அது. பல காரியங்களில் இது ஞானமான வழக்கம்தான். ஆனால் நமக்குத் தெரிந்த ஒருவர் பொய் ஆவணங்களைக் கொடுத்து வங்கியில் கணக்குத் தொடங்கியிருக்கிறார் என்று அறியவரும்போது, நமது மௌனம் யாரைக் காக்கிறது, யாரைக் கெடுக்கிறது என்று நிதானித்துப் பார்க்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

பாதிக்கப்படுகிறவர் யார்?

"வங்கியைத்தானே ஏமாற்றினான், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் கணக்கு யாருடைய பெயரில் தொடங்கப்பட்டதோ, அவரை மறந்துவிட்டுக் கேட்கப்படும் கேள்வி இது. வாடகை அறைக்காகவும் சிம் கார்டுக்காகவும் வேலைக்காகவும் நாம் கொடுத்த ஆதார், பான் நகல்கள் எத்தனை பேர் கைகளில் கிடக்கின்றன! அவற்றுள் ஒன்றில் வேறொருவரின் புகைப்படம் ஏறிவிட்டால் போதும். எங்கோ ஒரு முதியவரிடம் பறித்த பணம் அந்தக் கணக்கில் வந்து சேரும். சற்று நேரத்தில் வேறு கணக்குகளுக்குப் போய்விடும். விசாரணை தொடங்கும்போது காவல்துறை முதலில் தேடி வருவது கணக்கிலுள்ள பெயருக்குரியவரையே. ஒன்றும் அறியாத ஒரு தொழிலாளி, மொழி தெரியாத ஊரின் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

மோசடிப் பணத்தைக் கைமாற்றுவதற்கென்றே வைத்திருக்கும் கணக்குகளை 'மியூல் கணக்கு' என்பார்கள். நாடெங்கும் 700க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகளில் ஏறத்தாழ 8.5 லட்சம் மியூல் கணக்குகள் தொடங்கப்பட்டிருந்ததாக மத்தியப் புலனாய்வுத் துறை 2025 ஜூனில் தெரிவித்தது. ஆவணங்களைச் சரிபார்க்கும் விதிகள் ஒழுங்காகக் கைக்கொள்ளப்படாமையும் இதற்கு இடம் கொடுத்திருந்தது.

சட்டத்தின் பார்வையில் இது சிறு குற்றமன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, தன்னை வேறொருவராகக் காட்டி ஏமாற்றுகிறவருக்கு 319ஆம் பிரிவின்கீழ் 5 ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் தயாரிக்கிறவருக்கு 336ஆம் பிரிவின்கீழ் 7 ஆண்டுவரை உண்டு. போலி என்று அறிந்தும் அதை மெய்யானதாகப் பயன்படுத்துகிறவருக்கும், தயாரித்தவருக்குரிய தண்டனையே என்கிறது 340ஆம் பிரிவு.

இயலாமையும் வஞ்சகமும்

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். பிறருடைய பெயரைத் திருடிக் கணக்குத் தொடங்குகிறவன் ஒருவன். நகரத்தில் முகவரிச் சான்று கிடைக்காத தவிப்பில், தரகர் தயாரித்துக் கொடுத்த காகிதத்தை நீட்டிவிட்ட கூலித்தொழிலாளி வேறொருவன். செய்தது இருவரும் தவறே. ஆயினும் இரண்டாமவனுக்கு நாம் முதலில் காட்ட வேண்டியது நேரான வழியை.

அந்த வழி உண்டு. ஆதார் வழியாக அடையாளத்தைச் சரிபார்க்கும்போது, இப்போது வசிக்கும் முகவரி வேறாக இருந்தால், அதைத் தாமே எழுதிக் கொடுத்து அறிவிக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் கொடுக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட ஆவணம் ஒன்றும் இல்லாதவர்கூட, வங்கி அதிகாரியின் முன்னிலையில் கையொப்பமோ கைரேகையோ இட்டு, புகைப்படத்தோடு 'சிறு கணக்கு' தொடங்கலாம். அதில் ஒரு நிதியாண்டின் மொத்த வரவு 1 லட்சம் ரூபாயையும், மாதந்தோறும் எடுக்கும் தொகை 10,000 ரூபாயையும், இருப்பு 50,000 ரூபாயையும் தாண்டக்கூடாது. கணக்கு 12 மாதங்கள் செல்லும்; ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் மேலும் 12 மாதங்கள் கிடைக்கும். ஆகவே, ஏழை என்பதற்காக ஒருவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பொய் முகவரி கொடுத்துவிட்ட சகோதரனை வங்கிக்கு அழைத்துச் சென்று, அவரே உண்மையைச் சொல்லித் திருத்திக்கொள்ளத் துணைநில்லுங்கள். பிறர் பெயரைத் திருடியவன் விஷயத்திலோ தாமதிக்க வேண்டாம்.

எப்படித் தெரிவிப்பது?

முதலாவது, நீங்கள் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். துப்பறியும் வேலை உங்களுடையதன்று. அவருடைய பெட்டியைத் திறப்பதும், பாஸ்புக்கைப் படமெடுப்பதும், வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் பரப்புவதும் கூடாது. பொய் என்று அறிந்தே ஒருவர்மேல் குற்றம் சாட்டுவதும் அதே சட்டத்தில் குற்றமாகும். கடன் தகராற்றுக்கும் அறைச் சண்டைக்கும் பழிவாங்கும் கருவியாகப் புகாரைப் பயன்படுத்தாதிருங்கள்.

இரண்டாவது, கிளை மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கணக்கிலுள்ள பெயர், தெரிந்தால் கணக்கு எண், எந்த ஆவணம் போலி, அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பவை போதும். நகலில் முத்திரையிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். கிளை அசட்டை செய்தால் வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். விசாரணையின் முடிவை வங்கி உங்களுக்குச் சொல்லாமல் இருக்கலாம். வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காப்பது அதன் கடமை. சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளைப் பற்றி மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு வங்கி அறிக்கை அனுப்பும்போதும் அதை வெளியிடக்கூடாது. பதில் வராததால் உங்கள் கடிதம் வீணாயிற்று என்று மனம் சோர வேண்டாம்.

மூன்றாவது, திருடப்பட்டது உங்கள் பெயரே என்றால், "இக்கணக்கை நான் தொடங்கவில்லை" என்று எழுதிக் கொடுத்து, அதை முடக்கும்படி கேளுங்கள். உடனே காவல் நிலையத்திலும் புகார் செய்யுங்கள். குற்றம் வேறு எல்லையில் நடந்தது என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்ய புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு வழி செய்கிறது. பணமும் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை அப்போதே அழையுங்கள். வங்கியிலிருந்து 30 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

உங்கள் பெயர் திருடப்பட்டிருக்கிறதா என்று அறியவும் வழியுண்டு. வருமான வரித்துறையின் இணையதளத்தில் உள்ள வருடாந்திரத் தகவல் அறிக்கையில், உங்கள் பான் எண்ணோடு சேர்த்து வங்கிகள் தெரிவித்த வட்டித்தொகைகள் இருக்கும். நீங்கள் அறியாத வங்கியின் பெயர் அதில் தென்பட்டால் விசாரியுங்கள். உங்கள் பெயரில் யாரேனும் கடன் வாங்கியிருந்தால், சிபில் முதலிய நிறுவனங்கள் ஆண்டுக்கொருமுறை இலவசமாகத் தரும் கடன் அறிக்கை அதைக் காட்டிவிடும்.

பிரியமானவர்களே, அந்நிய நகரத்தில் நமக்கு நிலமில்லை; பலருக்குச் சொந்த வீடுமில்லை. நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே சொத்து நமது நல்ல பெயர். பொய்க்கணக்கு திருடுவதும் அதைத்தான். அயலாரின் பெயர் களவாடப்படுவதை அறிந்தும் வாய்திறவாதிருந்தால், நமது பெயர் களவாடப்படும் நாளில் நமக்காக யார் பேசுவார்? அறிந்த உண்மையை, அறிந்த அளவுக்கு மட்டும், சொல்ல வேண்டிய இடத்தில் இன்றே சொல்லிவிடுங்கள்.