உங்களுக்குத் தெரியுமா? மண்டபத்து ஏசியைப் பத்திரமாக இயக்குவது எப்படி?

கொல்லிமலை அடிவாரத்து ஊர் முள்ளுக்குறிச்சி. அடிவாரத்திலிருந்து 1,000 மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். மலையேறிக் குளிரும் காற்று தன் ஈரத்தை மழையாகப் பொழிகிறது. கல்யாண மண்டபத்து ஏசியும் காற்றைக் குளிர்வித்து, அதன் ஈரத்தை வடிகுழாயில் சொட்டவிடுகிறது.

● 1902-இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக நவீன ஏசியை வடிவமைத்தார். தாளைக் கெடுத்த ஈரப்பதத்தை அடக்குவதே அதன் முதல் வேலை.

● பல நாள் நின்ற பெரிய ஏசியில், கம்ப்ரஸர் எண்ணெயில் குளிர்வாயு கலந்திருக்கும். எண்ணெயைச் சூடாக்கும் ஹீட்டர் இருந்தால், ஏசியை ஓட்டுவதற்கு எவ்வளவு நேரம் முன்பு என்று தயாரிப்பாளர் சொல்கிறாரோ, அவ்வளவு நேரம் முன்பே மெயின் சுவிட்சைப் போடுங்கள். பல எந்திரங்களுக்கு இது 12 முதல் 24 மணி நேரம்.

● மும்முனை இணைப்பில் ஃபேஸ் வரிசை மாறினால் ஸ்க்ரோல் கம்ப்ரஸர் தலைகீழாகச் சுழலும். இரைச்சல் வரும், குளிர் வராது. உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

● கரண்ட் போய் வந்தால் 3 முதல் 5 நிமிடம் பொறுங்கள். குழாய்களில் அழுத்தம் சமமாகட்டும்.

● 16 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது. கம்ப்ரஸர்தான் நீண்ட நேரம் ஓடும். இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் தொடக்க அளவு 24 டிகிரி.

● மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பயிற்சி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள், உயிர் பெரிது.