மழலையர் பள்ளியின் வாயிலும் பெற்றோரும்

விசயதசமி நாளன்று நம் புதுவைத் தமிழ்த் தெருக்களில் ஒரு காட்சியைக் காணலாம். கூடத்தின் நடுவே தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பப்பட்டிருக்கும். புத்தாடை உடுத்த மூன்று வயதுக் குழந்தை தந்தையின் மடியிலோ தாய்மாமனின் மடியிலோ அமர்ந்திருக்கும். பெரியவரின் கை குழந்தையின் சுட்டுவிரலைப் பற்றி அரிசியில் அகரத்தை வரையும். சுற்றி நிற்கும் பாட்டியும் அத்தையும் அவ்வெழுத்தை வாய்விட்டுச் சொல்லுவர். சின்னாட் கழித்து அதே குழந்தை ஒரு மழலையர் பள்ளியின் இரும்புக் கதவுக்கு அப்பால் நின்று அழுவதையும், இப்பால் அதன் தாய் முந்தானையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதையும் காணலாம். மடியிலே தொடங்கிய கல்வி கதவிலே எங்ஙனம் பிரிந்தது, அப்பிரிவு வேண்டுவதுதானா என்பனவே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

நம் முன்னோர் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கு இத்தகைய கதவு இல்லை. கால்வாய்க்கு மேற்கே உள்ள பழந்தெருக்களில் இன்றும் சில வீடுகளின் முகப்பிலே தெருவை நோக்கிய தாழ்வாரமும், அதனையடுத்துத் திண்ணையும் இருப்பதைப் பார்க்கின்றோம். அத்தகைய திண்ணையிலே பிள்ளைகள் மணலில் எழுதினர், உரக்க ஓதினர், தெருவில் நீர் சுமந்து செல்லும் தாயின் செவியில் தன் மகன் ஓதுவது விழுந்தது. ஆசிரியருக்குரிய நெல்லையும் காய்கறியையும் பெற்றோரே கொணர்ந்து கொடுத்தமையால், அவரோடு நாலு வார்த்தை பேசுதற்கு வேறொரு நாள் குறிக்க வேண்டியதில்லை. அப்பள்ளியை வானளாவப் புகழ்வது எமது கருத்தன்று. ஆங்கே பிரம்பு இருந்தது. சட்டாம்பிள்ளையின் கொடுமை இருந்தது. பெண் குழந்தைகளும் ஒதுக்கப்பட்ட குலத்தார் பிள்ளைகளும் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏறவே இல்லை. ஆயினும் பள்ளியில் நிகழ்வது தெருவறிய நிகழ்ந்தது என்பது மட்டும் மறுக்கவொண்ணாதது.

நிற்க, மழலையர் பள்ளி என்பது மேனாட்டினின்று வந்த முறையாதலின், பெற்றோரை வாயிலில் நிறுத்துதலும் அம்முறையின் பகுதியே போலும் எனச் சிலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. செர்மானியரான பிரோபல் 1837-ஆம் ஆண்டிற் சிறார்க்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் எனப் பெயரிட்டார். 1844-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற நூலோ தாய்மார் குழந்தைகளோடு பாடி விளையாடுதற்குரிய பாட்டுக்களின் தொகுதி. பிரெஞ்சு நாட்டிலும் ஏழைச் சிறுவர்க்குரிய புகலிடங்களாக இருந்தவை 1881-இல் எக்கோல் மத்தெர்னெல், அதாவது தாய்மைப் பள்ளி, என்னும் பெயரைப் பெற்றன. அவற்றைச் சீர்திருத்திய பொலீன் கெர்கொமார் என்னும் அம்மையார், சிறு குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துப் பாடம் புகட்டுவதைக் கடிந்து, விளையாட்டே குழந்தையின் தொழில் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். 1826-இல் நிறுவப்பட்ட நம் நகரத்துப் பிரெஞ்சு லிசேயில் இன்றும் சிறு குழந்தைகளின் பிரிவு அப்பெயராலேயே வழங்குகின்றது. தாய் என்னுஞ் சொல்லைப் பெயரிலே தாங்கிய பள்ளி தாயை வெளியே நிறுத்தினால் அதனினும் முரண் வேறுண்டோ?

நம் நாட்டு வரலாறு இன்னும் தெளிவானது. கூர்ச்சரத்துப் பாவநகரில் 1920-இல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா, ஆசிரியர்க்கு எழுதியதோடு அமையாது பெற்றோர்க்கென்றும் நூல்கள் எழுதினார். அவரோடு பணிபுரிந்த தாராபாய் மோடக் அம்மையார், அனுதாய் வாக் என்னும் அம்மையாரின் துணையோடு, 1945-இல் பம்பாய் மாகாணத்துப் போர்டி என்னும் கடற்கரை ஊரில் ஒரு சிறார் பள்ளியை நடத்தினார். சேரிப் பிள்ளைகள் அங்கே வரவில்லை. கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார்க்குப் பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுத்தி, குறித்த மணிக்குக் கொண்டுவந்து விடுதல் இயலாத காரியம். அம்மையார் அவர்களைக் குறைகூறிக்கொண்டிராமல், பள்ளியையே எடுத்துக்கொண்டு சேரியின் முற்றத்துக்குச் சென்றார். முற்றத்துத் தோட்டம் என்னும் பொருளுடைய அங்கன்வாடி என்ற சொல் அவ்வழியே பிறந்தது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் இந்திய அரசாங்கத்தார் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபொழுது அதன் நிலையங்களுக்கு அச்சொல்லையே சூட்டினர். இன்று வைத்திக்குப்பத்துப் பாட்டியும் முதலியார்பேட்டைத் தாயும் அச்சொல்லைத் தமிழ்ச் சொல்லைப் போலவே ஆளுகின்றனர். ஆனால், பள்ளி முற்றத்துக்குச் சென்ற கதையை எத்தனை பேர் அறிவர்?

இப்பொழுது நம் நகரத்தில் பெற்றோர்க்கும் மழலையர் பள்ளிக்கும் உள்ள தொடர்பு யாது? கட்டணம் செலுத்தும் நாள் ஒன்று, ஆண்டுவிழா ஒன்று, மாறுவேடப் போட்டி ஒன்று, பருவந்தோறும் தேர்ச்சி அட்டையிற் கையொப்பமிடும் நாள் ஒன்று. மாறுவேடப் போட்டிக்குப் பாரதியாரின் மீசையும் முண்டாசும் தேடி நள்ளிரவு வரை அலைந்த தந்தையரை யாம் அறிவோம். விருந்தினராக வந்து கைதட்டிச் செல்வதற்கு மட்டும் அவர்கள் அழைக்கப்படுகின்றனர். குழந்தை உண்டதா, யாரோடு விளையாடிற்று, எதற்கு அஞ்சிற்று என்பவை அவர்கட்குத் தெரிய வழியில்லை.

இதனால் விளையுங் கேட்டினை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். யாம் நன்கறிந்த சிறுவன் ஒருவன் வீட்டிலே தெலுங்கு பேசுங் குடும்பத்தான். தெருவிலே தமிழ் பேசுவான். மூன்றாம் வயதில் ஆங்கிலவழி மழலையர் பள்ளியொன்றிற் சேர்க்கப்பட்டான். பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டா. சேர்ந்த சில நாட்களிலிருந்து நாள்தோறும் நனைந்த கால்சட்டையோடு வீடு திரும்பினான். பிடிவாதக்காரன் என்றார் ஆசிரியை. பயந்த பிள்ளை என்றார் தாயார். இங்ஙனம் ஏறக்குறைய ஒரு திங்கள் கழிந்தது. ஒருநாட் காலை பெருமழை பிடித்துக்கொள்ளவே, வாயிற்காவலர் இரங்கி அத்தாயாரைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்க விட்டார். ஆங்கு நின்றவர், தம் மகன் ஆசிரியையின் சேலையைப் பற்றியிழுத்து, வீட்டிலே சிறுநீர் கழித்தற்கு வழங்குகின்ற சின்னஞ்சிறு சொல் ஒன்றை இருமுறை சொல்லியதையும், ஆசிரியை அதனை மழலை விளையாட்டென்றெண்ணி அன்போடு தலையைத் தடவி மீண்டும் இருக்கையில் அமர்த்தியதையும் சன்னல் வழியே கண்டார். வெளியே செல்ல விடைகேட்பதற்கு நீண்ட ஆங்கில வாக்கியம் ஒன்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அவசரத்தில் அது நாவில் வருமா? ஆசிரியை கொடியவர் அல்லர். தாயாரும் அசட்டையுடையவர் அல்லர். ஒருவர் அறிந்த ஒரு சொல் மற்றவரைச் சேர வழியின்றி ஒரு திங்கள் கதவிலே தடைப்பட்டுக் கிடந்தது. அவ்வளவே. அன்று மழை பெய்யாதிருப்பின்?

மொழியைப்பற்றி இன்னுஞ் சிறிது சொல்லவேண்டும். தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் தெலுங்கும் மலையாளமும் ஒரு தெருவிலேயே கேட்கும் ஊர் இது. மூன்று வயதிலேயே பிள்ளைக்கு அயன்மொழி வேண்டுமென்று பெற்றோர் விரும்புகின்றனர். அவ்விருப்பத்தின் காரணமும் வெளிப்படை. ஆனால் அம்மொழி அறியாத தாய், பள்ளி வாயிலை மிதித்தவுடன் தான் ஏதுமறியாதவள் எனக் கூசிப்போகின்றாள். ஆசிரியை ஆங்கிலத்திற் கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வருகின்றாள். நாளடைவிற் குழந்தையும் அதனை உணர்ந்துகொள்கின்றது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நான்கு வயதுக் குழந்தை சொல்லக் கேட்டிருக்கின்றோம். எழுத்தும் எண்ணும் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம். தாயின்மீதுள்ள மதிப்பை இழந்த பிள்ளைக்கு அதனை மீட்டுக்கொடுக்கும் பள்ளி யாண்டும் இல்லை.

பெற்றோரைப் பள்ளியின் அன்றாட வாழ்விற் சேர்த்தல் இயலாததன்று என்பதற்கு உலகிற் சான்றுகள் பல. இத்தாலி நாட்டில், இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-இல், ரெஜ்ஜோ எமிலியா நகரத்தருகே ஒரு சிற்றூரார், செர்மானியப் படை விட்டுச்சென்ற பீரங்கி வண்டி ஒன்றையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தால் தங்கள் கையாலேயே செங்கல் சுமந்து ஒரு சிறார் பள்ளி கட்டினர். செய்தி கேட்டு மிதிவண்டியிற் சென்று பார்த்த லோரிஸ் மலகுஸ்ஸி என்னும் இளம் ஆசிரியர் வாழ்நாள் முழுதும் அப்பணியிலேயே நின்றார். பெற்றோர் இன்றி நடத்துவதில்லை என்பது அந்நகரத்துப் பள்ளிகளின் அடிப்படையாயிற்று. அமெரிக்காவில் இப்சிலாந்தி என்னும் ஊரில் 1962 முதற் சில ஆண்டுகள் ஏழைச் சிறுவர்க்கு நடந்த பெரி பள்ளியில், காலையில் வகுப்பு நடத்திய ஆசிரியரே வாரந்தோறும் ஒருமுறை குழந்தையின் வீட்டுக்குச் சென்று தாயோடு ஒன்றரை மணி நேரம் அமர்ந்தார். அப்பிள்ளைகளை அவர்தம் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தவர்கள், அப்பள்ளியிற் சேராத பிள்ளைகளைவிட அவர்கள் மேம்பட்ட நிலையில் இருந்தனரென எழுதியுள்ளனர். நன்மையில் எவ்வளவு வகுப்பால் வந்தது, எவ்வளவு வீட்டுக்குச் சென்றமையால் வந்தது என்று பிரித்துக் காட்டுதல் அரிதே. எனினும் இரண்டும் ஒருங்கே சென்றன என்பதை மறத்தல் தகாது.

அங்ஙனமாயின் புதுவையில் யாது செய்யலாம்? பெருஞ்செலவு வேண்டியதில்லை. முதல் வாரத்திலே தாயோ தந்தையோ பாட்டியோ குழந்தையோடு வகுப்பிலேயே அமரட்டும். குழந்தை அவர்களை மறந்து விளையாடத் தொடங்கிய நாளில் எழுந்து செல்லட்டும். நாள்தோறுங் காலையிற் கால்மணி நேரம் கதவு திறந்திருக்கட்டும். கொண்டுவந்து விடுபவர் உள்ளே வந்து, பையை மாட்டி, முன்னாள் வரைந்த படத்தைப் பார்த்துச் செல்லட்டும். வாரத்தில் ஒருநாள் யாரேனும் ஒருவர் தம் தொழிலைக் கொண்டுவரலாம். குருசுக்குப்பத்து மீனவர் ஒருவர் கிழிந்த வலையையும் ஊசியையும் கொணர்ந்து தரையில் அமர்ந்து பின்னத் தொடங்கினால், இருபது குழந்தைகள் வாய்திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். எண்ணும் அங்கேயே வரும், கண் விரல் ஒற்றுமையும் அங்கேயே வரும். பாட்டிமார் நம்மிடமுள்ள பெருஞ்செல்வம். பல வீடுகளில் வேலைக்குச் செல்லும் தாயினும் குழந்தையோடு மிகுதியாக இருப்பவர் அவரே. கதை சொல்லுதற்கு அவரை அழைத்த பள்ளிகள் எத்தனை?

ஆசிரியைமார் கூறும் தடைகளை யாம் எளிதாகத் தள்ளவில்லை. தாயைக் கண்டால் அழுகையை நிறுத்திய பிள்ளையும் மீண்டும் அழும் என்கின்றனர். முதற் சில நாட்கள் அது மெய்யே. தாய்மார் தம் பிள்ளையைப் பிறர் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பூசல் விளைப்பர் என்கின்றனர், அதுவும் நிகழ்வதுண்டு. எல்லாவற்றினும் பெரிய தடை, மூன்று வயதிலேயே ஏட்டில் எழுத்து எழுதவில்லையே, வீட்டுப்பாடம் கொடுக்கவில்லையே என்று பெற்றோர் நச்சரிப்பது. ஆனால் இந்நச்சரிப்பு கதவுக்கு வெளியே நிற்பதனாலேயே பிறக்கின்றது. உள்ளே நிகழ்வது தெரியாதவர்க்கு ஏட்டிலுள்ள எழுத்து ஒன்றே சான்று. புளியங்கொட்டைகளைத் தரம்பிரித்துக் குவியலாக்கும் குழந்தை எண்ணறிவைப் பெறுகின்றது என்று ஆசிரியை நூறுமுறை சொன்னாலும் நம்பாத தந்தை, அருகே அரைமணி நேரம் அமர்ந்து கண்டால் நம்புவான்.

இனி, நேரம் என்னும் பெருஞ்சிக்கல் உண்டு. கூலி வேலைக்குச் செல்வோரும், விடியற்காலையிலேயே கூடையோடு புறப்பட்டுப் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்டிரும் காலைப் பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்றால் எங்ஙனம் வருவர்? வாராதவரை அக்கறையற்றவர் என்று பதிவேட்டிற் குறித்தல் அநீதி. இந்நகரத்து ஆலைத் தொழிலாளர் நேரத்தின் பொருட்டும் குருதி சிந்தினர் என்பதை நாம் நினைவுகூரவேண்டும். 1936-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானவர் 12 பேர். அதன் பின்னரே, 1937-இல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. பிள்ளையின் முகத்தைப் பகலொளியிற் பார்த்தற்குரிய நேரம் பல தந்தையர்க்கு அங்ஙனமே கிடைத்தது. ரோடியர் மில் என மக்கள் வழங்கிய ஆலை 2020-இல் மூடப்பட்டது. இன்று அங்காடிகளிலும் விடுதிகளிலும் வேலைசெய்வோர்க்கு எட்டு மணி என்னும் வரையறையும் பல இடங்களில் ஏட்டளவே. ஆதலாற் பள்ளியே தன் நேரத்தை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்: சில நாள் மாலையில், சில நாள் ஞாயிற்றுக்கிழமையில், இன்றியமையாவிடத்து ஆசிரியையே வீட்டுக்குச் சென்று.

சட்டமும் இவ்விடத்திற் பின்தங்கியே நிற்கின்றது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் அரசினர் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோர்க்குக் கொடுத்தது. ஆனால் அச்சட்டத்தின் உரிமை ஆறு வயதிலேதான் தொடங்குகின்றது. 2013-இல் வெளியான முன்மழலைப் பருவக் கொள்கையும், 2020-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கையும் பெற்றோரின் பங்கினை வலியுறுத்துகின்றன. வலியுறுத்துதல் வேறு, நாற்காலி இட்டு அமர்த்துதல் வேறு.

முற்கூறிய சிறுவனின் பள்ளியைப்பற்றி ஒன்று சொல்ல மறந்தோம். மறு ஆண்டு அப்பள்ளியின் சேர்க்கைத் தாளில் ஒரு பகுதி புதிதாகச் சேர்க்கப்பட்டது. தண்ணீருக்கும், பசிக்கும், உறக்கத்துக்கும், வெளியே செல்லுதற்கும் குழந்தை வீட்டிலே வழங்குஞ் சொற்கள் யாவை என்பதே அப்பகுதி. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாற் சொல்ல ஆசிரியை எழுதிக்கொள்கின்றார். ஒரு குழந்தைக்குத் தாயார் நான்கு சொற்கள் சொல்லிச் சென்ற பின்னர், மாலையிற் பாட்டியார் தாமே வந்து, மருமகளுக்குத் தெரியாதவை எனச் சொல்லி, இன்னும் ஏழு சொற்களை எழுதுவித்துச் சென்றாராம்.