இறங்க வேண்டிய ஸ்டேஷன் பொத்தேரி

கல்லூரி தொடங்கும் நாட்களில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறினால், பெட்டியும் ஃபைலுமாக ஒரு குடும்பமாவது கண்ணில் படும். பிள்ளையை எஸ்ஆர்எம்மில் சேர்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள். கையில் உள்ள காகிதத்தில் முகவரி காட்டாங்குளத்தூர் என்று இருக்கிறது. இதே பாதையில் காட்டாங்குளத்தூர் என்றே ஒரு நிலையமும் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. ஆனால் அந்தக் கல்லூரிக்கு இறங்க வேண்டிய இடம் அதற்கு முந்தைய நிலையமான பொத்தேரி. கூடுவாஞ்சேரி தாண்டியதும் பக்கத்து சீட்டில் இருப்பவர் பெட்டியைப் பார்ப்பார், பிள்ளையைப் பார்ப்பார். "எஸ்ஆர்எம்முக்குங்களா? அடுத்தது பொத்தேரி, அங்கயே எறங்கிடுங்க" என்பார். வந்தவர்கள் வாயைத் திறந்து கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அந்தப் பக்கத்து சீட்டுக்காரரின் வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் தேடுபொறிகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்றுகொண்டிருக்கின்றன.

பழைய தேடுபொறியின் வயிற்றுக்குள் இருந்தது ஒரு சொல்லடைவு. தமிழ் வாசகருக்கு இது பழகிய பொருள்தான். உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளில் பின்னால் ஓர் அரும்பத அகராதி இருக்கும். ஒரு சொல் நூலில் எங்கெங்கே வருகிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அதையே இணையம் முழுவதற்கும் கணினி செய்தது. நீங்கள் மூன்று சொற்களைத் தட்டினால், மூன்றும் எந்தப் பக்கங்களில் உள்ளன என்று அடைவைப் பார்த்து எடுத்துக் கொடுத்தது. ஆயிரம் பக்கங்கள் பொருந்தினால் எதை முதலில் வைப்பது? 1972இல் கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் ஒரு வழி சொன்னார்: எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்பைக் குறை, அரிதாக வரும் சொல்லுக்குக் கூட்டு. 'காட்டாங்குளத்தூர் பல் மருத்துவர்' என்று தேடினால் 'மருத்துவர்' ஊரெல்லாம் இருப்பார். 'காட்டாங்குளத்தூர்'தான் கனமான சொல். 1998இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும், ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எவ்வளவு முக்கியமான பக்கங்கள் சுட்டுகின்றன என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். கூகுள் பிறந்தது அப்படித்தான்.

இத்தனையும் எண்ணிக்கைதான். தேடுகிறவர் யார், எதற்காகத் தேடுகிறார் என்ற கேள்வியே அங்கு எழவில்லை. அதைத் தெளிவாக எழுப்பியவர் ஆண்ட்ரே புரோடர். ஆல்டாவிஸ்டா தேடுபொறியில் மக்கள் தட்டியவற்றை ஆராய்ந்து 2002இல் அவர் எழுதிய கட்டுரை, தேடல்களை மூன்றாகப் பிரித்தது: தெரிந்த ஒரு தளத்துக்குப் போய்ச் சேர வருபவர்கள், ஒன்றைத் தெரிந்துகொள்ள வருபவர்கள், வாங்குவது பதிவிறக்குவது போன்ற ஒரு காரியத்தை முடிக்க வருபவர்கள். இன்று 'தேடுபவரின் நோக்கம்' என்று பேசுகிறவர்கள் பலரும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இனித் தமிழுக்கு வருகிறேன். இந்த மாற்றம் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே அதிகம் தேவைப்பட்டது என்பது என் எண்ணம். எங்கள் ஊரான காட்டாங்குளத்தூரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். காடு, குளம், ஊர் மூன்றும் அதற்குள் இருப்பது தமிழ் தெரிந்தவர் காதுக்குக் கேட்கும். கணினியிடம் 'குளம்' என்று தேடச் சொன்னால் அதற்குக் 'குளத்தூர்' தெரியாது. 'குளத்தில்', 'குளத்துக்கு', 'குளங்கள்' எதுவும் தெரியாது. அதன் கணக்கில் அவை தனித்தனிச் சொற்கள். பெயர்ச்சொல்லுக்கே இந்தக் கதி. ஒரு வினையடியிலிருந்து காலம், இடம், எதிர்மறை, எச்சம், துணைவினை என்று கிளைக்கும் வடிவங்கள் ஆயிரக்கணக்கில். ஆங்கிலத்தில் எழுதினால் வேறு தொல்லை. கல்லூரி முகவரியில் ஊர்ப் பெயரின் நடுவில் 'கு'. ஊராட்சி ஒன்றியத்தின் பெயரில் 'கொ'. ரயில்வே எழுதும்போது 'க'வுக்குரிய எழுத்தே மாறிவிடும்.

சரி, வேற்றுமை உருபுகளை வெட்டிவிட்டு வேர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? அப்படித்தான் முதலில் செய்து பார்த்தார்கள். 'தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயில்' என்று ஒருவர் கேட்கிறார். 'தாம்பரத்துக்குச் செங்கல்பட்டிலிருந்து ரயில்' என்று இன்னொருவர் கேட்கிறார். உருபுகளை வெட்டுங்கள். இருவருக்கும் மிஞ்சுவது தாம்பரம், செங்கல்பட்டு, ரயில். ஒருவர் வேலைக்குப் போகிறார், ஒருவர் வீடு திரும்புகிறார். இயந்திரத்துக்கு இருவரும் ஒருவரே. தமிழில் நோக்கம் குடியிருப்பது அந்த வாலில். சொல்லைப் பிடிப்பதற்காக வாலை வெட்டினால், கேள்வியின் உயிர் வெட்டிய துண்டோடு போய்விடுகிறது.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்கள் எங்கோ தொலைவில் இல்லை. இதே ரயில் பாதையில், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே சோபா லலிதா தேவியின் கணினி மொழியியல் குழு, தமிழ்ச் சொல்லைப் பிரித்து எது அடி, எது உருபு, அந்த உருபு என்ன சொல்கிறது என்று காட்டும் பகுப்பாய்விகளை உருவாக்கியது. ஆள், ஊர், நிறுவனப் பெயர்களை அடையாளம் காண்பது, 'அவன்' 'அது' என்பவை யாரைச் சுட்டுகின்றன என்று கண்டுபிடிப்பது எல்லாம் அவர்கள் உழுத நிலம். ஐஐடி மும்பையின் தலைமையில் நடுவண் அரசின் ஆதரவோடு நடந்த பன்மொழித் தகவல் தேடல் திட்டத்தில் தமிழ்ப் பொறுப்பு இந்த மையத்திடமும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிடமும் இருந்தது. 'சந்தான்' என்ற தேடுபொறி அதிலிருந்து வந்தது. வங்காளம், இந்தி, மராத்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் சுற்றுலாத் தகவலைத் தேடித் தந்தது. பொதுமக்களில் அதைப் பயன்படுத்தியவர்கள் சிலரே. ஆனால் தமிழ்ச் சொல்லை உடைத்துப் பார்த்த பிறகே தேட வேண்டும் என்பதை இங்கே முதலில் செய்து காட்டியவர்களில் அவர்களும் உண்டு. அதை நாம் மறந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

கிண்டியில் இன்னொரு துணிச்சலான முயற்சியும் நடந்தது. டி.வி.கீதா, ரஞ்சனி பார்த்தசாரதி, மதன் கார்க்கி உள்ளிட்டோர் கருத்துருவை வைத்துத் தேடும் தமிழ்த் தேடுபொறியை வடிவமைத்தார்கள். அதன் அடித்தளம், ஐ.நா. பல்கலைக்கழகம் 1996இல் டோக்கியோவில் தொடங்கிய யுஎன்எல் என்ற பொதுக் கணினி மொழி. அதில் ஒரு வாக்கியம் சொற்களின் வரிசையாக இருக்காது; கருத்துகளும் அவற்றுக்கிடையிலான உறவுகளுமாக இருக்கும். 'எங்கிருந்து' என்பதற்கு ஓர் உறவு, 'எங்கே' என்பதற்கு இன்னொன்று. நமது 'இலிருந்து', 'கு' இரண்டும் அங்கே போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வழியின் தொடர்ச்சி எங்கள் ஊரிலேயே உண்டு. எஸ்ஆர்எம்மில் பணியாற்றும் சி.என்.சுபலலிதா, குறுந்தொகையிலிருந்து தகவல்களைப் பிரித்தெடுக்கும் ஒரு கணினிச் சட்டகத்தைப் பற்றி 2019இல் 'சாதனா' ஆய்விதழில் எழுதினார். குறுந்தொகையை எடுத்துக்கொண்டதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பிரிவைப் பற்றிய பாட்டு வேண்டும் என்று தேடுகிறீர்கள். 'பிரிவு' என்ற சொல்லே இல்லாத பாட்டில் பிரிவைத் தவிர வேறு எதுவும் இருக்காது. வெயில் காயும் பாலை வழியும் துணையைக் கூப்பிடும் பறவையும் அதைச் சொல்லிவிடும். சொல்லடைவால் எட்ட முடியாத பொருள் என்றால் அதுதான். திணை தெரிந்தவருக்கு மட்டுமே அந்தப் பாட்டு கிடைக்கும்.

விதிகளை எழுதி எழுதிச் சொல்லிக்கொடுப்பது ஒரு வழி. உலகம் போனது இன்னொரு வழியில். ஒரு சொல் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து இயந்திரமே பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். 2018இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'பெர்ட்' இதில் பெரிய திருப்பம். வாக்கியத்தில் ஒரு சொல்லை மறைத்துவிட்டு, முன்னும் பின்னும் உள்ளவற்றை வைத்து அது என்ன சொல் என்று ஊகிக்கச் சொல்வார்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்ததில் சொற்களின் உறவு அதற்குப் பிடிபட்டது. 'தாம்பரத்தில் மாலை எங்கே கிடைக்கும்' என்றால் பூக்கடை. 'தாம்பரத்திலிருந்து மாலை எத்தனை ரயில்' என்றால் பொழுது. பக்கத்தில் நிற்கும் 'கிடைக்கும்', 'ரயில்' என்பவையே மாலையின் பொருளைத் தீர்மானிக்கின்றன.

இந்த இடத்தில் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இருக்காது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம், பல பொருள் தரும் ஒரு சொல்லை எப்படித் தெளிவது என்று பேசுகிறது: அது கொள்ளும் வினையால், உடன் வரும் இனத்தால், சார்ந்து நிற்கும் சூழலால். உரையாசிரியர்கள் காட்டும் சொல் 'மா'. பூத்தது என்றால் மரம், ஓடியது என்றால் விலங்கு. பெர்ட்டுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அது கண்டுபிடித்துக்கொண்ட தடம் இதுதான்.

பொருளை இயந்திரம் எப்படி வைத்துக்கொள்கிறது? எண்களாக. பொத்தேரி எங்கே என்று சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் போதும். ஒரு சொல்லின் பொருள் எங்கே இருக்கிறது என்று குறிக்க பெர்ட்டின் அடிப்படை வடிவம் 768 எண்களை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெரிய வரைபடத்தில் 'பஸ்', 'பேருந்து', 'வண்டி' ஆகியவை பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்கள். கேள்வியும் அதில் ஒரு புள்ளி, பக்கங்களும் புள்ளிகள். அருகில் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் சொல் பொருந்தாவிட்டாலும் பொருள் பொருந்தும்.

2019 அக்டோபரில் கூகுள் தன் தேடலில் பெர்ட்டைப் புகுத்தியபோது காட்டிய உதாரணம் நமது ரயில் கதையேதான். பிரேசிலிலிருந்து அமெரிக்கா போகிறவருக்கு விசா வேண்டுமா என்பது கேள்வி. பழைய தேடல் அமெரிக்காவிலிருந்து பிரேசில் போகிறவர்களுக்கான பக்கத்தைக் கொடுத்தது. நம் 'கு' உருபுக்கு நிகரான ஆங்கிலச் சிறு சொல் ஒன்றை அது பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவில் ஆங்கிலத் தேடல்களில் பத்தில் ஒன்று இந்த மாற்றத்தால் மேம்படும் என்றது நிறுவனம். அந்த டிசம்பரிலேயே 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அது விரிந்தது, தமிழும் அதில் ஒன்று.

ஆனால் தமிழுக்குக் கிடைத்தது சமபங்கு அல்ல. பெர்ட்டின் பன்மொழி வடிவம் 104 மொழிகளின் விக்கிப்பீடியாவைப் படித்து வளர்ந்தது. எந்த மொழியில் எழுத்து மலிந்திருக்கிறதோ அந்த மொழியின் சொற்களை அது முழுசாக வைத்துக்கொண்டது. தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக்கியது. துண்டாக்கிய இடம் இலக்கணம் சொல்லும் இடமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இன்னொரு குறை: விக்கிப்பீடியாத் தமிழை யாரும் போனில் தட்டுவதில்லை. நாம் தட்டுவது பேச்சுத் தமிழை, அதுவும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். 2020 டிசம்பரில் கூகுளின் இந்திய ஆய்வகம் வெளியிட்ட 'முரில்' இதை நேருக்கு நேர் எதிர்கொண்டது. 16 இந்திய மொழிகளோடு ஆங்கிலத்தையும் சேர்த்து, ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட இந்திய மொழிகளையும் அது படித்தது. ஆங்கில எழுத்தில் கேட்டாலும் பொருத்தமான இடத்தில் தமிழ்ப் பக்கங்களைக் காட்டுவோம் என்ற அறிவிப்பும் அதே வேளையில் வந்தது.

நோக்கம் புரிந்தாலும் காலம் புரியாவிட்டால் பயனில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 'மதுரைக்கு பஸ் எங்க ஏறணும்' என்ற கேள்விக்குக் கோயம்பேடு என்று பதில் சொல்லும் பக்கங்கள் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்தவை. எண்ணிக்கையில் அவையே பெரும்பான்மை. பொருளிலும் கச்சிதமாகப் பொருந்துபவை. ஆனால் பஸ் இப்போது கிளாம்பாக்கத்தில்; பெட்டியோடு நிற்கிறவருக்கு அவற்றால் உதவி இல்லை.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. வரைபடத்தில் அருகில் இருப்பதெல்லாம் ஒன்றாகிவிடாது. 'ரயில் ஓடும்', 'ரயில் ரத்து' இரண்டும் பக்கத்தில்தான் இருக்கும். பெயர் ஒத்த இரண்டு மருந்துகளும் அப்படியே. அதனால்தான் தேடுபொறிகள் பழைய சொல்லடைவைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. சொல் பொருத்தத்தையும் பொருள் நெருக்கத்தையும் சேர்த்தே எடைபோடுகின்றன. ஆனாலும் ஆண்டுக்கு ஆண்டு 'நீங்கள் நினைத்தது இதுதானே' என்ற குரல் ஓங்கி வருகிறது. கேட்டதையே கேட்டபடி தேடு என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்க வேண்டும். மேற்கோள் குறிக்குள் சொற்களை இட்டுத் தேடினால் கூகுள் அவற்றை மாற்றாது. சொல்லை உள்ளபடியே தேடும் தெரிவு ஒன்றும் 2011 முதல் அதில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது.

எங்கள் பகுதியில் பழைய நிலப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். இன்று இது செங்கல்பட்டு மாவட்டம். 2019 நவம்பரில் பிரிந்தது. அதற்கு முன் காஞ்சிபுரம் மாவட்டம். 1997இல் பிரிக்கப்படும்வரை செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். மூன்றும் ஒரே மண்தான் என்று இயந்திரம் அறிந்துவைத்திருப்பது நல்லது. பொத்தேரியில் இறக்கிவிட அந்த அறிவு வேண்டும். ஆனால் தாத்தா வாங்கிய மனையின் பத்திரத்தில் அச்சாகியிருக்கும் 'செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்' என்ற வரியை அப்படியே தேடுகிறவரிடம், செங்கல்பட்டு மாவட்டம் என்று நீட்டக் கூடாது. அவருக்கு வேண்டியது அந்தக் காகிதத்தில் உள்ள அதே சொல்.